ஏர்கான் ஒழுகினால் குழாயின் வாயிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஏர்கான் சொட்டினால் உடனே கேஸ் (குளிரூட்டும் வாயு) ஏற்றச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் வடிகால் குழாயை வழுவழுப்பான பாசிதான் அடைத்திருக்கும். நம்மூர் ஈரப்பதத்துக்குச் சீக்கிரமே வளர்ந்துவிடும்.

சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாய் எங்கே முடிகிறதென்று தேடுங்கள். குளியலறையிலோ சர்வீஸ் யார்டிலோ இருக்கும். அந்த வாயில் தண்ணீர் இழுக்கும் வகை வேக்குவத்தை வைத்து, இடைவெளியை ஈரத்துணியால் இறுகச் சுற்றி, 2 நிமிடம் இழுங்கள். (சாதாரண வேக்குவம் என்றால் மோட்டார் போய்விடும்.) காற்றை ஊதித் தள்ளவே வேண்டாம்; டிரங்கிங்குக்குள் (குழாய்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டி) இணைப்பு கழன்றால் சுவரே நனையும். பிறகு ஏர்கானுக்குள் தண்ணீர் சேரும் டிரேயில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தேங்காமல் மறுமுனையில் வந்தால் அடைப்பு போய்விட்டது.

ஏர்கானுக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனிக்கட்டி படிந்திருந்தால் விஷயம் வேறு: ஃபில்டர் அழுக்கு, இல்லையேல் கேஸ் குறைவு. டிரங்கிங்கின் நடுவில் சொட்டினால், குளிர்க்குழாயின் உறை கிழிந்து வியர்த்திருக்கலாம்; அதற்கு ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும்.