பத்து எம்எம் சாக்கெட்

பன்னிரண்டு சிலிண்டர் கார் வாங்கியே தீருவேன் என்று கிளம்பினேன். எட்டு மாதம் அலைந்துவிட்டு ஆறு சிலிண்டரோடு வீடு வந்து சேர்ந்தேன். "கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆன கதை" என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும் கதையில் பாதி இல்லை. அந்தப் பாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

கார், மெர்சிடிஸ் எஸ்எல். 1989இல் வெளிவந்து 2001இல் முடிந்த தலைமுறை. இந்தக் காரைப் பிடித்துப்போனவர்கள் 'ஆர்129' என்று நம்பர் போட்டுத்தான் பேசுவார்கள். பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை தானாக எழுந்து, மடிந்து, பின்னால் ஒரு மூடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சுமார் அரை நிமிடம். கார் கவிழப் போகிறது என்று சென்சாருக்குத் தோன்றினால் இருக்கைக்குப் பின்னால் படுத்திருக்கும் ரோல் பார், அதாவது தலையைக் காக்கும் கம்பி வளைவு, 0.3 விநாடியில் எழுந்து நிற்கும். சீட் பெல்ட்டு கூட கதவுத் தூணில் இல்லாமல் இருக்கையிலேயே பொருத்தியிருக்கும். தூண் இல்லாத காரில் வேறு எங்கே பொருத்துவது?

இவையெல்லாம் எந்த எஸ்எல்லை எடுத்தாலும் உண்டு. கூரை ஒன்றுதான், 80 லிட்டர் டேங்க் ஒன்றுதான். ஆகவே குழப்பம் முழுக்க பானெட்டுக்கு அடியில்.

அந்தக் குழப்பமும் லேசுப்பட்டதல்ல. முதலில் 300, 500 என்று இரண்டு எண். 1992இல் பன்னிரண்டு சிலிண்டர் 600 சேர்ந்தது. 1993இல் பெயரையே திருப்பிப் போட்டார்கள், '500 எஸ்எல்' என்பது 'எஸ்எல் 500' ஆனது. 300 போய் 280, 320 வந்தன. 1998இல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டார்கள். அதாவது 1996 எஸ்எல் 500க்கும் 1999 எஸ்எல் 500க்கும் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து மட்டும்தான் சொந்தம். முதலாவதில் எம்119 என்ற இன்ஜின், இரண்டாவதில் எம்113. இரண்டும் ஐந்து லிட்டர் வி8தான், அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர். ஆனால் முதலாவதில் சிலிண்டருக்கு நாலு வால்வு, 320 குதிரைத்திறன். இரண்டாவதில் சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக், 306 குதிரைத்திறன். விற்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லை. "வி8 மேடம், சூப்பரா இருக்கும்" என்பதோடு சரி.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதினேன். 280க்கு 193 குதிரை, 320க்கு 231, 600க்கு 394. நூறு கிலோமீட்டர் வேகம் எட்ட, ஆரம்ப கால 500 எடுத்துக்கொள்வது 6.2 விநாடி. 600 எடுத்துக்கொள்வது 6.1. வீட்டுக்காரர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த 0.1 விநாடிக்கா நாலு சிலிண்டர் கூடுதலா வாங்கப் போறே?" என்றார். நோட்டை மூடிவிட்டேன். வி12 வேகத்துக்காக இல்லை, அந்த அமைதிக்காக என்று எங்கோ படித்திருந்தேன். சொல்லியிருந்தால், மேலே கூரையில்லாத காரில் அமைதி எதற்கு என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் பார்த்தது அந்த 600ஐத்தான். 1993 வண்டி. நான் நம்பும் மெக்கானிக் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், பேச்சு குறைவு, கை நீளம். (வேலை தெரிந்த கை என்ற பொருளில்.) சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பப் போனபோது, "அக்கா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றான். ஆறு லிட்டர், 48 வால்வு. இதே எம்120 வம்சத்து இன்ஜினைத்தான் பின்னாளில் இத்தாலிய கார் கம்பெனி பகானி தன் முதல் ஸோண்டா சூப்பர்காரில் வைத்தது. அதை நினைத்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கும்போதே பாதி மனசு வாங்கிவிட்டது.

ஓட்டிப் பார்த்தேன். அழுத்தினால் தள்ளுகிறது, ஆனால் தள்ளுவது தெரியவே இல்லை. வளைவில் மட்டும் முன்பக்கத்தின் கனம் தெரிந்தது. ஆறு சிலிண்டர் காரைவிட இருநூறு கிலோவுக்கு மேல் கூடுதல். மொத்தம் ஏறக்குறைய இரண்டு டன். கூரையைத் திறந்து வேகம் பிடித்ததும் காற்றின் இரைச்சலில் இன்ஜின் இருக்கிறதா என்றே சந்தேகம். எவ்வளவோ பாடுபட்டு சத்தமே இல்லாமல் செய்த ஒரு இன்ஜின், அந்தச் சத்தமின்மையைக் கேட்கவே முடியாத ஒரு காரில்.

திரும்பி வந்ததும் தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு பானெட்டுக்குள் குனிந்தான். அவன் பார்க்கும் முறை எனக்குப் பழக்கம். டார்ச் பிறகுதான், முதலில் கை. உள்ளே விட்டு, தடவி, ஹோஸைக் கிள்ளிப் பார்ப்பான். இந்தத் தடவை கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் முயன்றான், அந்தப் பக்கம் முயன்றான். "எங்கயும் போகலைக்கா." பொதுவாக ஒன்று இருக்க வேண்டியதெல்லாம் இதில் இரண்டு: த்ராட்டில் ஆக்சுவேட்டர் இரண்டு, காற்றளவு பார்க்கும் சென்சார் இரண்டு. போதாததற்கு சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக். ஒரு கவரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று போல்ட்டைத் தளர்த்தும்போது அவன் கையிலிருந்த பத்து எம்எம் சாக்கெட், போல்ட்டைத் திருகும் அந்தக் குட்டி இரும்புக் கிண்ணம், நழுவி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. காந்தக் குச்சியை விட்டுத் துழாவினான். முக்கால் மணி நேரம். கடைசியில் வண்டிக்காரரே, "இருக்கட்டும் விடுங்க" என்றார். எனக்கென்னவோ அவர் குரலில் பழக்கப்பட்ட ஒரு அலுப்பு தெரிந்தது. அந்த இன்ஜினுக்குள் அதற்கு முன்பு எத்தனை சாக்கெட் போயிருக்குமோ.

திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "ஓட்டுறதுக்கு ராஜா. என்கிட்ட கொண்டு வராதீங்க" என்றான்.

அடுத்தது எம்119. 1994 வண்டி. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நிதானம் தவறும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1989இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற சாபர் சி9 காரில் இருந்தது இந்தக் குடும்பத்து இன்ஜின்தான், இரண்டு டர்போ போட்டு. அந்தப் பந்தயக் காருக்கும் இதற்கும் இடையில் ஆயிரம் மாற்றம் இருக்கும், தெரியும். ஆனாலும் நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐநூறு சுற்றைத் தாண்டியதும் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், கூரை திறந்திருந்தால் அது காற்றையும் மீறிக் காதுக்கு வரும். நான் சிரித்துவிட்டேன், தனியாக, வாய்விட்டு.

காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது மேலே டக் டக் என்று இரண்டு மூன்று விநாடி ஒரு தட்டல் கேட்டது. இந்த இன்ஜினில் அதற்கு இரண்டு அர்த்தம் சொல்லலாம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் இணைப்பு தளர்ந்திருந்தால் அது சின்ன வேலை. டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை வெடித்திருந்தால், அது உடைந்து செயினுக்குள் விழும் நாளில் இன்ஜினே போய்விடும். எது என்று தெரிய வால்வு கவரைத் திறக்க வேண்டும். வண்டிக்காரர் சம்மதிக்கவில்லை. செயின் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் அவரிடம் இல்லை. கூடவே வருடம் வேறு இடித்தது. 1992லிருந்து 1995 வரையான இன்ஜின்களில் வயரிங் ஹார்னஸின் மேலுறை காலப்போக்கில் காய்ந்து சருகாக உதிரும் என்பது இந்தக் கார்க்காரர்களுக்கு மனப்பாடம். மாற்றியிருந்தால் நிம்மதி, மாற்றாதிருந்தால் என்றாவது ஒருநாள் வயரும் வயரும் தொட்டுக்கொள்ளும். தம்பி ஒரு கனெக்டருக்கு அருகில் உறையை லேசாக வளைத்தான். விரலில் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. என்னிடம் விரலைக் காட்டினான், ஒன்றும் சொல்லவில்லை.

விட்டுவிட்டேன். இரண்டு வாரம் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது.

மூளையைக் கேட்டால் எம்113 என்றுதான் சொல்லியிருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரே கேம்ஷாஃப்ட், எளிய அமைப்பு, எவ்வளவு தூரமும் ஓடும் என்று பெயர் வாங்கியது. பார்க்க வேண்டியது கிராங்க் புல்லி, இன்ஜின் முன்னால் பெல்ட்டை ஓட்டும் சக்கரம். ஆரம்ப வருடங்களில் அதன் நடுவிலுள்ள ரப்பர் பிரிந்து வரும். பிளக் மாற்றும்போது பதினாறு வாங்க வேண்டும் என்பது ஒரு சின்ன எரிச்சல். 1999 வண்டி ஒன்று வந்தது, நல்ல வண்டி. ஆனால் அது வந்தபோது நான் இன்னும் வி12 மயக்கத்தில் இருந்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மூன்றாம் நாள் போன் பண்ணினால் வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எதை வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு இன்றும் எம்113ஐத்தான் சொல்கிறேன். நானே வாங்காததைச் சொல்வது உறுத்தத்தான் செய்கிறது.

280? நல்ல கார், அழகாக நின்றுகொண்டிருக்கும். அதற்குமேல் சொல்ல இல்லை. மேனுவல் கியரோடு கிடைத்தால் ஒருவேளை மனம் மாறலாம்.

கடைசியாக 320. வரிசையாக ஆறு சிலிண்டர், எம்104. 1997 வண்டி. நேர்மையாகச் சொன்னால் முதல் பத்து நிமிடம் சப்பென்று இருந்தது. எட்டைத் தொட்டுவிட்டு ஆறுக்கு வந்தால் அப்படித்தான் இருக்கும். 231 குதிரை குறைவில்லை, ஆனால் முறுக்குவிசை 315 நியூட்டன் மீட்டர்தான். எம்119இல் அது 470. அதனால் வேண்டிய நேரத்தில் மிதியை நன்றாகவே அழுத்த வேண்டும். பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் கார்கள் லேசாக மிதித்தால் இரண்டாம் கியரிலேயே கிளம்பும். வி8க்கு அது மரியாதை, ஆறு சிலிண்டருக்குச் சோம்பல். 1996 வாக்கில் எலெக்ட்ரானிக் ஐந்து கியர் பெட்டி வந்ததும் அந்தச் சோம்பல் பாதி போய்விட்டது. இந்த வண்டியில் அதுதான் இருந்தது. வயரிங் பயமும் இந்த வருடத்துக்கு இல்லை.

பத்து நிமிடம் தாண்டியதும் நான் மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கூரையைத் திறந்துவிட்டு யாரும் பறப்பதில்லை, பறந்தால் காது வலிக்கும், முடி கண்ணில் குத்தும். அறுபது எழுபதில் போகும்போது இந்த இன்ஜின் ஒரே இழையாக, முடிச்சில்லாமல் பாடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சாதாரணக் குரலில் பேசினார், நானும் சாதாரணக் குரலில் பதில் சொன்னேன். முந்தைய கார்கள் எதிலும் நாங்கள் பேசிக்கொண்ட ஞாபகமே இல்லை. 600இல் நான் இன்ஜினைத் தேடிக்கொண்டிருந்தேன். 500இல் அதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

தம்பி குனிந்தான். கை முழங்கை வரை போயிற்று. இந்த இன்ஜினின் பலவீனம் ஹெட் கேஸ்கெட், இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு. பின்பக்க வலது மூலையில் எண்ணெய் வியர்க்கும். அந்த இடம் காய்ந்திருந்தது, கேஸ்கெட் மாற்றிய பில்லும் வண்டிக்காரர் எடுத்துக் காட்டினார். பிறகு கியர்பெட்டிக்குப் போகும் கனெக்டரைப் பார்த்தான். அதன் சீல் தளர்ந்தால் எண்ணெய் வயருக்குள்ளேயே ஏறி, கண்ட்ரோல் யூனிட் வரைக்கும் போய்விடும். அதுவும் காய்ந்திருந்தது. கடைசியில் கூரையை நாலு தடவை திறந்து மூட வைத்தான். கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே துணியால் துடைத்து, துணியை முகர்ந்து பார்த்தான். கூரையின் ஹைட்ராலிக் சிலிண்டர்களில் சீல் வயதானால் எண்ணெய் முதலில் ஓட்டுநர் தலைமேல்தான் சொட்டுமாம். "இன்ஜினையே பாத்துக்கிட்டிருந்தா இத விட்டுடுவோம்க்கா. எதை வாங்கினாலும் இது பொது."

வாங்கியாயிற்று. ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த வேண்டியிருந்தால் இன்றும் எம்119 ஞாபகம் வருகிறது. மிதியைத் தரைவரை அழுத்தி, கியர் ஒன்று இறங்கி, ஊசி நாலாயிரம் தாண்டும் வரை லாரிக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

முதல் சர்வீஸுக்கு விட்டபோது பக்கத்திலேயே நின்றேன். அடிக் கவரைக் கழற்றி வைத்திருந்தான். பெல்ட் மாற்றிக்கொண்டிருக்கும்போது பத்து எம்எம் சாக்கெட் மறுபடி நழுவியது. நான் மூச்சைப் பிடித்தேன். இரண்டு இடத்தில் தட்டி, டங் என்று தரையில் விழுந்து, என் செருப்பு வரை உருண்டு வந்தது. பானெட்டுக்கு அடியிலிருந்து அவன் தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் நீட்டினான். எடுத்துக் கொடுத்தேன்.