பித்தளைப் பம்பும் கெட்டுப்போன விற்றமின் சியும்

செம்பு கூடிய தண்ணீரில் வளரும் பயற்றங்கன்றை, இலையில் விற்றமின் சி தெளித்துக் காப்பாற்ற முடியுமா என்று வீட்டில் சோதித்து வருகிறேன். மூன்றாவது சுற்றில் பயறு தப்பிவிட்டது! எல்லா யோகட் கோப்பைக்கும் ஒரே தண்ணீர்தான்: லீற்றருக்கு 200 மி.கி. துருசு (செம்பு சல்பேற்று), அதாவது செம்பு 51 மி.கி. அளவு. விற்றமின் சி தெளிக்காத கன்றைப் பிடுங்கினால் வேர் கட்டை, நுனி கறுப்பு, இளம் இலை வெளிறல். தெளித்ததில் பக்கவேர்கள் வெள்ளை வெளேரென்று மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தன. நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னைய இரண்டு சுற்றிலும் விதையை மாற்றினேன், அளவைக் கூட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. கோளாறு அப்பாவின் பழைய பித்தளைத் தெளிப்புப் பம்பில். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு பட்டால் விற்றமின் சி காற்றுப்பட்டு மளமளவென்று கெடும். எங்கள் பாலையூற்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோ கேத்திலில் சுண்ணாம்பு படிய வைப்பது, அதிலும் விற்றமின் சி நிலைக்காது. நான் வாங்கியது தோடம்பழ நிறக் குளிசை என்பதால் கரைசல் மஞ்சளானதும் கண்ணில் படவில்லை.

காயத்துக்குப் பூசும் அயடின்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு தேக்கரண்டிக் கரைசலில் ஒரு துளி விட்டால், விற்றமின் சி இருக்கும்வரை கபில நிறம் சட்டென்று மறையும். பம்பில் காலையில் ஊற்றியதைப் பின்னேரம் சோதித்தேன். துளி தேநீர் நிறத்தில் அப்படியே நின்றது. அத்தனை நாளும் இலைக்குப் போனது வெறும் தண்ணீர்.

இப்போது பிளாஸ்டிக் போத்தல், பற்றரிக்கு ஊற்றும் வடிநீர், 500 மி.கி. வெள்ளைக் குளிசையில் கால் துண்டுக்கு 700 மி.லீ. இது ஏறத்தாழ 1 மில்லிமோலார் செறிவு. கச்சான் காற்று அடங்கி, பொழுது சாய்ந்த பிறகு கரைத்து உடனே தெளிக்கிறேன். மணலில் சொட்டாமல் கோப்பை வாயைப் பொலித்தீனால் மூடுவது முக்கியம். துருசோடு கலந்தால் விற்றமின் சியே, ரேடிக்கல் எனப்படும், செடியின் கலங்களைத் தாக்கும் துணுக்குகளைக் கூட்டும்.

குளிசை வாங்கும்போது திகதி பாருங்கள். ஒரு பார்மசியில் காலாவதியான அட்டையைத் தந்துவிட்டார்கள்.

அடுத்து தெளித்துப் பார்க்கப்போவது, செடிகளே தற்காப்புக்குச் சுரக்கும் சலிசிலிக் அமிலம். குளிர்ந்த தண்ணீரில் லேசில் கரையாது, முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். தம்பலகாமம் நெல் ஆலையில் உமி சொல்லி வைத்திருக்கிறேன். கரியாக்கி மண்ணில் கலந்தால் செம்பைப் பிடித்து வைக்கும். தெளிப்பு செடியைத் தேற்றுமே தவிர, உள்ளே போன உலோகத்தை வெளியேற்றாது. அதனால் முளைக்கீரையில் செய்யப்போகும் சுற்றிலிருந்து ஒரு இலைகூட வறைக்குப் போகாது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் பயற்றையே இன்னொரு தடவை, இருபது கோப்பையில். விதை ஊறிக்கொண்டிருக்கிறது.