இரட்டைப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் வழி
செட்டிநாட்டு வளவில், அதாவது கூட்டுக் குடும்ப வீட்டில், ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இரட்டையருக்குப் பேச்சு கொஞ்சம் பிந்தலாம். ‘ரெண்டு பேரும் வாங்க’ என்று சேர்த்தே கூப்பிடுகிறோம். ஒரு பிள்ளையின் முகம் பார்த்துப் பேசும் நேரம் குறைந்துபோகிறது. அக்கா ‘தண்ணி’யை ‘அண்ணி’ என்றால் தம்பியும் அதையே பிடித்துக்கொள்வான். ‘தப்பு’ என்று அதட்டாதீர்கள். ‘ஆமா, தண்ணி வேணுமா?’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

தினம் பத்து நிமிஷம் ஒன்றை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு மற்றதோடு தனியாகப் பேசுங்கள். பணியாரம் ஊற்றும்போதே ‘மாவு, குழி, சூடு’ என்று சொல்லலாம். கேள்வி கேட்டால் ஐந்து நொடி பொறுங்கள். வாயாடி முந்தினால் ‘இது தம்பி முறை’.

குறைமாதப் பிள்ளைக்கு, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்தே வயதைக் கணக்கிடுங்கள். ‘ரெட்டைன்னா அப்படித்தான்’ என்று ஐயா (தாத்தா) சமாதானம் சொல்வார். ஆனால் 2 வயதில் 50 சொற்களோ, ‘பால் தா’ மாதிரி இரு சொல் சேர்க்கையோ வராவிட்டால், முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள், இருவருக்கும் தனித்தனியாக.