பெரியவர் போனில் முதலில் விரலைப் பாருங்கள்

வீட்டுப் பெரியவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, எழுத்தைக் கடைசி அளவுக்கு இழுத்துவிடுவது. வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் கண்ணுக்கு முன்னால் மக்கர் பண்ணுவது விரல். வலை இழுத்துக் காய்த்த கை, துணி சுற்றிக்கொண்டு பாறையில் கடல்பாசி பறித்த கை, உப்பில் காய்ந்து வெடித்திருக்கும். தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் டச் ஸ்கிரீன் தொடுகையை உணர்கிறது. தோல் தடித்துக் காய்ந்திருந்தால் தொட்டது சரியாகப் பதியாது. பதியவில்லையே என்று அவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள். போன் அதை லாங் பிரஸ் என்று எடுத்துக்கொண்டு ஐகானைத் தூக்கும், வேண்டாத மெனுவைத் திறக்கும். ‘போன் தானா ஏதோ பண்ணுது’ என்ற புகாரில் பாதி இதுதான்.

செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டிக்குள் போய் ‘டச் அண்ட் ஹோல்டு டிலே’யை (எவ்வளவு நேரம் பிடித்தால் லாங் பிரஸ் ஆகும் என்பதை) ‘லாங்’ ஆக்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடலில் அடித்தால் கிடைத்துவிடும். சாம்சங் போனில் டிஸ்ப்ளேக்குள் ‘டச் சென்சிடிவிட்டி’யை ஆன் செய்யலாம். ஓரம் தூக்கிக்கொண்டு நடுவில் காற்று நுழைந்த டெம்பர்ட் கிளாஸை உரித்து எறியுங்கள். ஈரக்கையும் ஆகாது: ஸ்கிரீனில் உப்புத்தண்ணீர் பட்டால் அந்தத் துளியையே விரல் என்று போன் நினைத்துக்கொள்ளும்.

ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாதவருக்குப் போனிலும் விழாமல் போகலாம். ஒரே கட்டைவிரலை இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு கோணத்தில் பதிந்து பாருங்கள். அப்படியும் அடம்பிடித்தால் பின் நம்பர்தான் நல்லது. பிறந்த வருஷத்தைப் பின்னாக வைக்காதீர்கள், அது ஆதார் நகலிலேயே இருக்கிறது.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். கடைசி அளவு வைத்தால் தமிழ் மெனு உடையும். நம் சொற்கள் நீளம். ஒரு வரியில் நிற்காமல் பாதியில் வெட்டுப்படும். பணம் அனுப்பும் ஆப்பில் பட்டன் கீபோர்டுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். எழுத்தை இரண்டு படி, டிஸ்ப்ளே சைஸை ஒரு படி கூட்டி, ‘போல்டு டெக்ஸ்ட்’டைப் போடுங்கள். பெரும்பாலோருக்கு இது போதும். ஸ்கிரீன் அணையும் நேரம் 30 விநாடியாக இருந்தால் அதை 2 நிமிடம் ஆக்குங்கள். படித்து முடிக்கும் முன் இருட்டாகிவிடுவது அவர்களுக்குப் பெரிய எரிச்சல்.

ஹோம் ஸ்கிரீன் ஒரே பக்கம். போன், வாட்ஸ்அப், கேமரா, டார்ச், அடிக்கடி பேசும் மூன்று பேரின் படம். காண்டாக்ட் விட்ஜெட்டில் ‘டைரக்ட் டயல்’ இருந்தால் படத்தைத் தொட்டதும் கால் போகும். எல்லாம் வைத்து முடித்ததும் ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் ‘லாக் லேஅவுட்’டை ஆன் செய்யுங்கள். மறந்தால் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் காணாமல் போகும். சைகை நேவிகேஷனை எடுத்துவிட்டு, கீழே மூன்று பட்டன் வருகிற பழைய முறைக்கு மாற்றுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர் வருகிறதா? அதைப் பவர் மெனுவாக மாற்றுங்கள். அதே பட்டனை ஐந்து முறை தட்டினால் அவசர அழைப்பு போகிற வசதி பல போன்களில் உண்டு. இருக்கட்டும், ஆனால் சட்டைப் பையில் தானாக அழுந்துகிறதா என்று கவனியுங்கள்.

வயதானால் காது முதலில் இழப்பது கீச்சுக்குரலை. புதுப் போன்களில் வரும் மெல்லிய மணி கச்சான் என்கிற மேல்காற்றின் இரைச்சலில் கேட்கவே கேட்காது. தடித்த சத்தமுள்ள ரிங்டோனும் வைப்ரேஷனும் சேர்த்து வையுங்கள்.

கீழக்கரைப் பக்கம் பிள்ளைகள் துபாயில் இருப்பார்கள். அங்கே வாட்ஸ்அப் காலுக்குத் தடை என்பதால் போட்டிம் மாதிரி ஆப்பில்தான் கூப்பிடுவார்கள். ‘ரிங்கே வரலை’ என்றால் குற்றம் பெரும்பாலும் பேட்டரி சிக்கனத்தில் இருக்கும்: சில நாள் திறக்காத ஆப்பைப் போன் தூங்கவைத்துவிடும். அந்த ஆப்பின் பேட்டரி செட்டிங்கை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கி, ‘உபயோகிக்காவிட்டால் நிறுத்து’ என்பதை ஆஃப் செய்தால் மணி அடிக்கும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் எட்டிப் பார்க்கும். டேட்டா ரோமிங் ஆஃபில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் மூன்று வேலை. மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள், குட்மார்னிங் படங்களில்தான் ஸ்டோரேஜ் நிரம்புகிறது. பிரைவசியில் ‘சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்’ ஆன். குரூப்பில் சேர்க்கும் உரிமை காண்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும்.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், வண்டி அபராதம் என்று எந்தப் பெயரில் ஏபிகே ஃபைல் (ஆப்பை இறக்கும் ஃபைல்) வந்தாலும், தெரியாமல் தொட்டாலும், எளிதில் உள்ளே இறங்காது. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் வருகிறது என்று சொல்லிப் பின் கேட்டால், பணம் போகிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, 1930 என்ற சைபர் புகார் எண்ணைக் காண்டாக்டில் ‘பணம் போச்சு’ என்று பதிந்து வையுங்கள். பதற்றத்தில் தேடும்போது அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். பணம் போனது தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ, அவ்வளவுக்கு அதை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக சார்ஜர் ஓட்டை. தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறி போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. கடல் தண்ணீருக்குச் செல்லாது. உப்பு ஈரத்தோடு சார்ஜ் போட்டால் பின்களில் பச்சை பூத்து அரித்துவிடும். ஸ்கிரீனில் தண்ணீர்த்துளிப் படம் வந்தால் கேபிளைப் பிடுங்கி, ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைக்க வேண்டாம், தூசிதான் ஏறும். கேபிள் ஆடுகிறது, பாதிதான் நுழைகிறது என்றால் உள்ளே மணலும் பஞ்சும் அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள், ஊசி கூடாது.