சோள மாப் படலமும் வெறுந்தேத்தண்ணியும்

சோள மா 10 கிராம், தண்ணீர் 100 மில்லிலீற்றர், பாமசியில் வாங்கிய கிளிசரின் 3 மில்லிலீற்றர், வினாகிரி ஒரு தேக்கரண்டி. களி கண்ணாடிப் பதமாகும் வரை கிண்டி, தட்டில் ஊற்றி, இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே வைத்தால் பிளாஸ்டிக் தாள் போல ஒரு படலம் உரிக்க வரும். “என்ர தட்டுகள் எப்ப திரும்பி வரும்?” என்று அம்மா தினமும் கேட்கிறா.

கொழும்பு வெள்ளவத்தை வெயிலில் இந்தப் படலம் எத்தனை நாள் தாங்கும், மஞ்சளோ தேத்தண்ணியோ சேர்த்தால் அது வெயிலை மறித்துக் காவல் காக்குமா என்று பார்க்கத்தான் இந்த வேலை. ஒன்று வெறும் படலம், ஒன்றில் மஞ்சள், மற்றதில் கடுஞ்சாயமாக வடித்த தேத்தண்ணி.

முதல் கிழமை வீண். ஜன்னலுக்கு உள்ளே தொங்கவிட்டிருந்தேன். 315 நானோமீற்றருக்குக் கீழான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைச் சாதாரணக் கண்ணாடியே மறித்துவிடும். ஆனாலும் மஞ்சள் துண்டு அங்கேயே வெளிறிப்போனது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் 425 நானோமீற்றர் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையே உறிஞ்சிச் சிதையும். காவலுக்கு வைத்த ஆள் முதல் நாளே விழுந்த கதை.

பிறகு மொட்டை மாடி. மார்ச் கடைசி, சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. இரண்டு துண்டைக் காகம் கொண்டுபோனது. மிச்சத்துக்கு வலை கட்டினேன். ஒரு வெறும் துண்டுக்கு மட்டும் அலுமினியத் தாளால் குடை பிடித்தேன், வெயில் செய்வது எது, காய்வது செய்வது எது என்று பிரித்துப் பார்க்க.

14ஆம் நாள் ஒரே இடத்தில் மடித்து மடித்துப் பார்த்தேன். வெறும் படலம் 2 மடிப்பில் உடைந்தது, மஞ்சள் 3, தேயிலை 9, குடைத்துண்டு 11. குடைக்குள் இருந்ததும் முதல்நாள் போலத் துவளவில்லை. ஆகவே விறைப்பில் ஒரு பங்கு ஈரம் போனதால்தான்.

பச்சைத் தேயிலையை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டேன். அதிலுள்ள கட்டெச்சின் என்னும் சேர்மங்கள் பெரிதும் உறிஞ்சுவது 280 நானோமீற்றர் பக்கம். அந்த ஒளி நிலத்துக்கு வருவதேயில்லை. கறுப்புத் தேயிலைக்காக இலை காற்றுப் பட்டு ஒக்சியேற்றமடையும்போது உண்டாகும் செம்பழுப்புச் சாயங்கள் இன்னும் நீண்ட அலைநீளம் வரை மறிக்கும். ஆனால் என் தேயிலைப் படலம் கொஞ்சம் தடிப்பாகவும் விழுந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த முறை தராசில் நிறுத்து ஊற்றுவேன்.

மீந்த துண்டுகளைக் கறிவேப்பிலைச் சாடியில் புதைத்தேன். வெறும் துண்டு ஒரு கிழமையில் காணாமல் போயிற்று. தேயிலைத் துண்டின் ஒரு மூலை இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.