மோன் காஸே

மொரீஷியஸின் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். முதலில் இருந்த மேனேஜர் கறாரானவர். கதவு நிலையின் மேல் விரலை ஓட்டித் தூசி பார்ப்பார். காலை பிரீஃபிங்கில் முந்தின நாள் தப்புகளைப் பேர் சொல்லி வாசிப்பார். அறைகள் பளபளத்தன, விருந்தினர்களும் பாராட்டினார்கள். ஆனால் ஏசி ஒழுகுவதை எங்கள் ஆட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், விருந்தினர்தான் சொல்வார். சொன்னவன் தலையில்தானே விழும்! உடைந்த கண்ணாடி டம்ளர்கள் செய்தித்தாளில் சுருட்டப்பட்டு டிராலியின் அடித்தட்டில் கிடக்கும். எனக்குத் தெரியும். மாதக் கணக்கெடுப்பில் குறையும்போது நானும் வாயைத் திறக்கவில்லை.

2020 மார்ச்சில் கோவிட் வந்து தீவு மூடியது. 2021 அக்டோபரில் முழுசாகத் திறந்தபோது பழைய ஆட்களில் பாதிப் பேர் வேறு வேலைக்கும், பயணக் கப்பல்களுக்கும் போய்விட்டிருந்தார்கள். கத்தினால் மறுநாள் ஆள் இருக்காது. புதிதாக வந்த மேனேஜர் மென்மையானவர்தான். ஆனால் அந்த மென்மைக்கு ஆள் பஞ்சமும் ஒரு காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் பிரீஃபிங்கில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னைக்கு உங்க வேலைக்கு எது இடைஞ்சல்?" முதல் வாரம் எல்லோரும் தரையைப் பார்த்தபடி நின்றோம். ஒன்பதாம் நாள் ஓர் அக்கா பேசினார். உள்ளூர்த் தமிழர். கோயிலில் தேவாரம் பாடுவார், பேச்சு முழுக்கத் தீவின் பொதுமொழியான கிரியோல். டிராலியின் இடது சக்கரம் கார்ப்பெட்டில் சிக்குகிறது, சாயங்காலம் தோள் விட்டுப்போகிறது என்றார். அன்று மாலையே சக்கரங்களை மாற்றினார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு வருஷமாக அவர் அதை இழுத்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருவர் தன்னை முழுசாக வேலைக்குக் கொடுக்க அர்த்தம், பயமின்மை, தெம்பு மூன்றும் வேண்டும் என்று வேலையிட உளவியல் ஆய்வாளர் வில்லியம் கான் 1990இல் எழுதினார். பயத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். தெம்பைத் தின்றது ஒரு சக்கரம்.

புதியவரிடமும் குறை உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது. மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை விழுந்தால் பஸ் ஓடாது. அதற்குள் யார் வீட்டுக்குப் போவது, யார் தங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். அவரோ ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார்! பழையவராக இருந்தால் பத்து நிமிஷத்தில் பட்டியல் கையில் இருந்திருக்கும். அவரை நான் நினைத்து ஏங்கிய ஒரே நாள் அது. கடைசியில் சின்னப் பிள்ளை உள்ளவர்களை முதலில் அனுப்பி நாங்களே பட்டியல் போட்டோம். அது காவடி விரத வாரம். தங்கியவர்களில் நாலு பேர் விரதம், கேன்டீனில் கோழிக்கறி மட்டும். அப்போது மட்டும் மேனேஜர் யாரையும் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், கழுவிய தனிச் சட்டியில் பருப்பு வைக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

புயல் போன மறுவாரம், அதே அக்கா என் மேசையில் உடைந்த டம்ளரை வைத்தார். "மோன் காஸே" என்றார், நான் உடைச்சுட்டேன் என்று. தலைகூடக் குனியவில்லை. என் கைதான் பழக்கத்தில், பேர் எழுதும் பழைய நோட்டைத் தேடிப் போனது.