கிராண்ட் விண்ணப்ப நாட்குறிப்பு: ஜனவரி முதல் மே வரை

ஜனவரி 7, 2025

அமெரிக்காவில் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனை (பலரின் கொடைகளைச் சேர்த்து உள்ளூர்ப் பணிகளுக்கு நிதி தரும் அமைப்பு) ஒரே பெரிய உண்டியல் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுத உட்காருவதுதான் முதல் கோளாறு. உள்ளே இருப்பவை தனித்தனி நிதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம். 1914-இல் கிளீவ்லாந்தில் ஃபிரெட்ரிக் காஃப் என்ற வங்கியாளர் இந்த வகையின் முதல் அமைப்பைத் தொடங்கினார். உயிலில் எழுதிவைத்த நோக்கம் காலாவதியாகிப் பணம் முடங்கிக் கிடக்காமல், உள்ளூர்க் குழு ஒன்று அதை இன்றைய தேவைக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது அவர் யோசனை.

விண்ணப்பிப்பவருக்கு மூன்று வகை தெரிந்தால் போதும். நிபந்தனையற்ற பொது நிதி: போட்டிச் சுற்று நடப்பது பெரும்பாலும் இதில்தான். துறைசார் நிதி: குழந்தைகள், முதியோர், நீர்நிலை என்று வரையறுத்தது. கொடையாளர் ஆலோசனை நிதி: கொடுத்தவரே பரிந்துரைப்பார், பொதுவாக விண்ணப்பம் வாங்கமாட்டார்கள். கடைசி வகைக்கு உருகி உருகிக் கடிதம் எழுதி வாரங்களை வீணாக்க வேண்டாம்.

ஜனவரி 14

எழுதும் முன் ஃபவுண்டேஷனின் திட்ட அலுவலரிடம் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். கேட்க வேண்டியவை: எங்கள் திட்டம் எந்த நிதிக்குள் வரும், சென்ற சுற்றில் வழக்கமாக எவ்வளவு கொடுத்தீர்கள், சம்பளத்துக்குப் பணம் தருவீர்களா, சென்ற ஆண்டு பெற்றவர்கள் இந்த ஆண்டும் கேட்கலாமா. "எங்களுக்குக் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

ஜனவரி 22

காகித வேலை. வரிவிலக்குக் கடிதத்தில் உள்ள சட்டப் பெயரும் வரி அடையாள எண்ணும் போர்ட்டலில் (விண்ணப்பத்தை ஏற்றும் இணையதளம்) தட்டச்சியவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் கூப்பிடும் பெயரைப் போட்டு ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தேடல் பக்கத்தில் அகப்படாமல் போகும் விண்ணப்பங்கள் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும்.

ஆண்டு வருவாய் வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சின்ன அமைப்பு 990-என் மின் அட்டை (வரித்துறைக்கு ஆண்டுதோறும் அனுப்பும் சிறு படிவம்) போட்டாலே போதும். ஆனால் போட வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். 990 முழுப் படிவம் போடுபவர்கள் முதல் பக்கத்தின் 12-ஆம் வரி மொத்த வருவாயையும் 18-ஆம் வரி மொத்தச் செலவையும் விண்ணப்பத்தில் எழுதிய தொகைகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படிவம் பொதுவெளியில் கிடைப்பது. பரிசீலிப்பவர் திறந்து பார்ப்பார்.

501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி இன்னும் கைக்கு வராத குழு, வரிவிலக்கு உள்ள வேறோர் அமைப்பின் குடையின்கீழ் கேட்கலாம். அவர்கள் ஒரு பங்கு கட்டணமாகப் பிடிப்பார்கள். அதையும் பட்ஜெட்டில் ஒரு வரியாகக் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 3

இன்று முழுக்க பட்ஜெட். மற்ற பகுதிகளை நாளைக்குத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. கதையை எழுதி முடித்துவிட்டு எண்களைக் கடைசி இரவில் நிரப்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எண்கள் முதலில், வாக்கியங்கள் அப்புறம்.

மாதிரிக்கு ஒரு மாலைநேர வாசிப்புத் திட்டம்: 40 பிள்ளைகள், வாரம் 2 நாள், 30 வாரம், ஆக 60 அமர்வு.

ஒருங்கிணைப்பாளர்: வாரம் 15 மணி × 36 வாரம் × 24 டாலர் = 12,960
வேலை தருபவர் கட்டும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி 7.65% = 991
புத்தகம்: 40 × 6 × 8 டாலர் = 1,920
சிற்றுண்டி: 40 × 60 × 1.25 டாலர் = 3,000
தன்னார்வலர் பின்னணிச் சோதனை: 12 × 30 டாலர் = 360
கூட்டுத்தொகை 19,231
நிர்வாகச் செலவு 10% = 1,923
மொத்தம் 21,154

கேட்பது 15,000. மிச்சம் 6,154 எங்கிருந்து வரும் என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும்: கையில் உள்ளது 4,154, வேறோரிடம் விண்ணப்பித்துக் காத்திருப்பது 2,000. "உறுதி", "நிலுவை" என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். எல்லாத் தொகையும் 5,000, 3,000 என்று முழுசாக முடிந்தால் குத்துமதிப்பாகப் போட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதில் ஓர் இடம் நிச்சயம் கேள்வியாகும். அமர்வு 30 வாரம், சம்பளம் 36 வாரம். முதல் 4 வாரம் பிள்ளைகளைச் சேர்க்க, கடைசி 2 வாரம் கணக்கு முடித்து அறிக்கை எழுத என்று பட்ஜெட் விளக்கத்தில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. போடாவிட்டால் கூட்டல் தெரியாதவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

தன்னார்வலர் நேரத்தை (12 பேர் × 2 மணி × 60 = 1,440 மணி) ரொக்கத்தோடு கலக்கக் கூடாது; தனிப் பத்தியில் வரட்டும். நிர்வாகச் செலவைக் கூச்சப்பட்டு மறைப்பதும் வேண்டாம். அமெரிக்கக் கூட்டரசு நிதியுதவியிலேயே, அரசிடம் தனி விகிதம் பேசி வாங்காதவர்களுக்கு அனுமதித்த அளவு 2024 அக்டோபரிலிருந்து 10-இலிருந்து 15 சதவீதமாகியிருக்கிறது. ஆனால் இந்த ஃபவுண்டேஷன் உச்சவரம்பு வைத்திருந்தால் அதுதான் கணக்கு.

பிப்ரவரி 11

விளைவுப் பகுதி. "40 பிள்ளைகள் வந்தார்கள்" என்பது செய்த வேலையின் அளவு. அதனால் என்ன மாறியது என்பதுதான் விளைவு. "60 அமர்வில் 45-க்காவது வருபவர் 32 பேர், அவர்களில் 24 பேர் செப்டம்பரில் வாசித்ததைவிட ஒரு நிலை மேலேறுவார்கள், அளப்பது பள்ளி ஏற்கெனவே நடத்தும் தேர்வு." யார், எத்தனை பேர், எதனால் அளப்பது, எல்லாம் இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டன. அளக்க ஆளும் நேரமும் இல்லாத இலக்கை எழுதிவைத்தால் அறிக்கை கொடுக்கும்போது கழுத்தைப் பிடிக்கும்.

பிப்ரவரி 19

போர்ட்டல் எழுத்துகளை எண்ணும். இடைவெளியும் கணக்கில் சேரும். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் கேள்விக்குறியாக மாறலாம், வரம்பைத் தாண்டிய பகுதி சில போர்ட்டல்களில் சத்தமில்லாமல் வெட்டுப்படும். முதலில் வெறும் உரைக் கோப்பில் எழுதி, பிறகு ஒட்டி, ஒவ்வொரு பெட்டியின் கடைசி வாக்கியத்தையும் வாசித்துப் பாருங்கள். தலைவரின் கையெழுத்து, போர்டு உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு முடிகிறது என்றால் நமக்குக் கடைசி நாள் அதற்கு முந்தைய நாள்.

மே 6

கிடைக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு, பரிசீலனைக் குழு என்ன சொன்னது என்று கேட்கலாம்; பல இடங்களில் சொல்வார்கள். கிடைத்துவிட்டால் பணத்துக்கு முன் ஒப்பந்தத்தை வாசியுங்கள்: இறுதி அறிக்கை நாள், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வரை அனுமதியின்றி மாற்றலாம், அவர்கள் பெயரை எங்கே போட வேண்டும். கணக்கு மென்பொருளில் இந்தப் பணத்துக்குத் தனிக் குறியீடு போட்டு, முதல் ரசீதிலிருந்தே அதில் பதிய வேண்டும். பத்து மாதம் கழித்துப் பிரிப்பது நரக வேலை.

சிற்றுண்டிக்கு வைத்த 3,000-இல் 800 மிஞ்சும் போலத் தெரிந்தால், திட்டம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே மின்னஞ்சல் போட்டு, புத்தகத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். ரசீதுகளோடு சேர்த்து வைத்துவிடலாம்.